கர்ப்பிணி “நான் போய்ட்டா நிம்மதி” என்றால்: யாருக்கு ஆபத்து அதிகம், எப்படிக் கேட்பது, என்ன செய்வது

நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் சகோதரி கேட்டிருப்பது இது. சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த 22 வயதுப் பெண், இப்போது ஆறாம் மாதம். கணவர் குடிப்பவர். இரண்டு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. போன வாரம் சத்துமாவு வாங்க வந்தபோது, “நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதிக்கா” என்று சொல்லியிருக்கிறாள். மாமியாரிடம் பேசிப் பார்த்தால், “தலைச்சன் புள்ள, மசக்கை, அப்படித்தான் இருக்கும்” என்று பதில். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா, பொதுவாக எந்தக் கர்ப்பிணிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. இது மசக்கை இல்லை. மசக்கையின் வாந்தியும் தலைசுற்றலும் பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாம் மாதத்துக்குள் அடங்கிவிடும். அதோடு, மசக்கை ஒரு பெண்ணுக்குச் சோற்றைப் பிடிக்காமல் செய்யும், உயிரைப் பிடிக்காமல் செய்யாது. இந்தப் பதிலைப் படித்ததும் இன்றோ நாளையோ அவளைத் தனியாகப் பாருங்கள். அடுத்த எடை பார்க்கும் நாள்வரை வைத்திருக்க வேண்டாம். கேட்பதால் எண்ணம் வரும் என்ற பயமும் வேண்டாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்களே அதிகம். “எல்லாருக்கும் நிம்மதி” என்று உங்களிடம் வந்து சொன்னதே பாதி கேட்டதுபோலத்தான்.

வயிற்றில் பிள்ளை இருப்பவள் அந்த முடிவுக்குப் போக மாட்டாள் என்று நம் ஊரில் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் பல பெண்களைக் கவனிக்காமல் விட வைத்திருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் முற்பகுதியில் பரிசோதனைக்கு வந்த பெண்களில் 7.6 சதவீதம் பேரிடம் தற்கொலை எண்ணம் தெரிந்தது. பெருநகரக் கணக்கை அப்படியே மலைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் உங்கள் பதிவேட்டில் 13 கர்ப்பிணிகள் இருந்தால் அதில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம் என்ற அளவு அது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் நடக்கும் தற்கொலையை நேரடித் தாய்மரணமாகவே கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வகைப்படுத்தியது. ரத்தப்போக்கு, வலிப்பு எல்லாம் இருக்கும் அதே பட்டியலில் இதுவும் வந்துவிட்டது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது? ஒற்றைக் காரணம் ஒன்று தனியாக யாரையும் அந்த விளிம்புக்குக் கொண்டுபோவது அபூர்வம். பழைய காயம் ஒன்று, வீட்டுக்குள் தினமும் நடப்பது ஒன்று, அண்மையில் விழுந்த அடி ஒன்று, இந்த மூன்றும் ஒரே பெண்ணிடம் வந்து சேரும்போது ஆபத்து மிக அதிகம். எனவே யாரைக் கவனிப்பது என்று பார்க்கும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய காயத்தில் எல்லாவற்றையும்விடக் கனமானது, முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்றிருப்பது. கல்யாணத்துக்கு முன் நடந்ததாக இருந்தாலும், பத்து வருடம் ஆகியிருந்தாலும் அதற்குக் கனம் குறையாது. அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். காரணம் எளிது: பெண்ணுக்கு வரன் அமையாது என்று பெற்றவர்கள் மறைத்திருப்பார்கள். “தெரியாம மாத்திரையை மாத்திப் போட்டுட்டா”, “வயித்து வலி தாங்காம” என்று கதை மாறியிருக்கும். புகுந்த வீட்டுக்குத் தெரியவே தெரியாது. அவள் வாயாலேயே வந்தால்தான் உண்டு, அதுவும் மாமியார் பக்கத்தில் இல்லாதபோது. முன்பு மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), மனச்சிதைவு என்று சிகிச்சை எடுத்தவர்களும், சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களும், ரத்த உறவில் யாராவது தற்கொலையால் இறந்தவர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

சிகிச்சை எடுத்தவர்கள் விஷயத்தில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், “புள்ளைக்கு ஆகாது” என்று மனநல மாத்திரையை அன்றே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் வீட்டார்தான், சில நேரம் மருந்துக் கடைக்காரர். நிறுத்திய சில வாரங்களில் பழைய நோய் முழு வேகத்தில் திரும்பும், அப்போது எல்லோரும் அதை மசக்கை என்பார்கள். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்தோ குழந்தைக்குத் தண்டுவடக் குறை உள்ளிட்ட பாதிப்புகளைக் கொண்டுவரக்கூடியது, அதை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் மாற்றுவது மருத்துவர் வேலை. “மாத்திரையை நிறுத்தாதே, இந்த வாரமே சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்” என்பதே நீங்கள் சொல்ல வேண்டியது.

அடுத்தது வீடு. கணவரின் அடியும் குடியும் முதலில் நிற்கின்றன. அடி என்றால் கை ஓங்குவது மட்டும் இல்லை. போனைப் பிடுங்கி வைப்பது, தாய்வீட்டுக்குப் பேசவிடாமல் செய்வது, கூலியை வாங்கிக்கொள்வது, கர்ப்பத்திலும் கட்டாயப்படுத்திப் படுப்பது, “அது என் பிள்ளையே இல்லை” என்பது எல்லாம் இதில் சேரும். இதை வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நீங்கள் அவளிடம் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு முறையும் மாமியாரோ கணவரோ பதில் சொல்வார்கள். பரிசோதனைக்குத் தாமதமாக வருவாள், அல்லது ஒன்றுவிட்டு ஒன்று வருவாள். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்ற ஸ்வெட்டர் கையை மேலே தள்ளச் சொன்னால், ஒரு நொடி தயங்கி, “இந்தக் கையில பாருங்கக்கா” என்று மற்றக் கையை நீட்டுவாள். மலையில் ஆறு மாதம் ஸ்வெட்டர் கழற்றாத ஊர்களில் காயம் தெரிய வருவது அந்த ஒரு நொடியில்தான்.

வரதட்சிணை பாக்கி, இரண்டாவதும் மூன்றாவதும் பெண் என்ற பேச்சு, வேண்டாமல் வந்த கர்ப்பம் ஆகியவையும் வீட்டுக் கணக்கில்தான் வரும். கல்யாணம் ஆகாத பெண்ணும் 18 வயது நிரம்பாத பெண்ணும் எல்லோரையும்விடத் தனியாக நிற்கிறார்கள். வெளியே சொன்னால் போலீஸ் வரும் என்ற பயத்திலேயே மாதங்கள் போய்விடும். 2021 திருத்தத்துக்குப் பின் கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 20 முதல் 24 வாரம்வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். அந்தப் பிரிவில் கல்யாணம் ஆகாதவர்களும் அடங்குவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணின் விஷயத்தில், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்கு அனுப்பும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தர வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வழி இல்லை என்று நினைப்பவளுக்கு வழி இருக்கிறது என்று தெரிவதே பெரிய காவல்.

அண்மை அடி என்பது கருக்கலைந்தது, பிள்ளை வயிற்றிலேயே இறந்தது, ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்தது, எச்.ஐ.வி. முடிவு வந்தது, கணவருக்கு வேறு தொடர்பு இருப்பது தெரிந்தது, பெற்ற தாய் இறந்தது என்று எதுவாகவும் இருக்கலாம். கெட்ட செய்தி சொல்லப்பட்ட அந்த வாரத்தில் ஒரு முறையாவது யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்கேன் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்வது போதாது.

உடம்பையும் விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழ் கடுமையானது. அந்த அசதியும் தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும், இருக்கும் மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும். வாரக்கணக்கில் தண்ணீர்கூடத் தங்காத கடும் வாந்தியும், பல நாள் தூக்கமில்லாமையும் தனியாகவே ஆபத்துக் காரணிகள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோய் இருப்பதால், அந்த நோயுள்ள கர்ப்பிணிக்கு வரும் கடும் வலியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி மலைக்கே உரியவை. மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மேலே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்குத் தாய்வீடு வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் கையில் பணமும் கூட ஆளும் இல்லாமல் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க முடியாது. குளிர்காலத்தில் மாலை ஆறரைக்கெல்லாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாக வசிக்கும் லயன் வீடுகளின் கதவு சாத்திவிடும். அதன்பின் உள்ளே நடப்பது காலைவரை உள்ளேதான். கணவர் கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருந்தால் வேறு வகைத் தனிமை. கொழுந்து எடையை வைத்துக் கூலி கிடைக்கும் இடத்தில் ஏழாம் மாதப் பெண்ணால் பழைய எடையைப் பறிக்க முடியாது. கூலி குறையும், கடன் கூடும், “தண்டச் சோறு” என்ற சொல் வரும். தோட்டத் தொழிலாளியாகப் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு அவளுடைய உரிமை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் உண்டு. இந்தத் தொகை யார் கணக்குக்குப் போகிறது, யார் கையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மனநலத்துக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் பேசும்போது அவள் வீட்டு மொழி தெரிந்த பெண் பணியாளர் கூட இருக்க வேண்டும். மொழிபெயர்க்கக் கணவரையோ மாமியாரையோ வைத்தால் கேள்வியே கேட்காமல் இருப்பது மேல்.

கேட்கும் முறைக்கு வருவோம். இடம் தனியாக இருக்க வேண்டும். “எடை பார்க்கணும், உள்ள வாம்மா” என்று மாமியாரை வெளியே உட்கார வைக்கலாம். நேரம் இருபது நிமிடமாவது வேண்டும். உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்: தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, பிள்ளை அசையறது தெரியுதா. பிறகு மனது: “ரெண்டு வாரமா மனசு எப்படிம்மா இருக்கு? எதுலயாவது பிடிப்பு இருக்கா?” அதன்பின் சுற்றி வளைக்காமல்: “சில பேருக்கு இந்த மாதிரி நேரத்துல உயிரோடயே இருக்க வேண்டாம்னு தோணும். உனக்குத் தோணுதா?” ஆம் என்றால் நிறுத்தாதீர்கள். “எப்படின்னு யோசிச்சிருக்கியா? அதுக்கு ஏதாவது எடுத்து வெச்சிருக்கியா? இன்னிக்கு அந்த எண்ணம் இருக்கா? முன்னாடி எப்பவாவது ஏதாவது செஞ்சுக்கிட்டது உண்டா?” இந்த நான்கு பதில்களை வைத்துத்தான் அடுத்த அடி.

எழுத்தில் கேட்க வசதியிருந்தால், மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ அளவுகோல் தமிழிலும் உண்டு. 1987-இல் வந்தது. கடந்த 7 நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13-ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: கூட்டுத்தொகை 8 வந்தது, பயமில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் சுழியத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே உட்கார்ந்து பேச வேண்டும்.

அவள் பேசும்போது நம் வாயில் வரக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: “வயித்துல இருக்கற புள்ளைய நினைச்சுப் பாரு.” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவள் ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்குத் தகுதியில்லாத தாய் என்று தன்னைத் திட்டிக்கொண்டிருப்பவள். இது அந்தக் குற்ற உணர்வின் மேல் இன்னொரு கல். “பாவம் சேரும்”, “உனக்கென்ன குறை” என்பவையும் வேண்டாம். “இவ்வளவையும் தனியா சுமந்திருக்க. சொன்னது நல்லது. இனி நானும் கூட இருக்கேன்” என்பது போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நர்சம்மாகிட்ட சொல்லுவேன், உன்னைக் கேட்டுட்டுத்தான் யார்கிட்டங்கறதை முடிவு பண்ணுவேன்” என்று நேராகச் சொல்லுங்கள்.

எண்ணம் மட்டும் வந்து போகிறது, திட்டம் ஏதும் இல்லை, முன்பு முயன்றதில்லை, வீட்டில் ஆதரவாக ஒருவராவது இருக்கிறார் என்றால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி இரண்டு மூன்று நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்க்க வையுங்கள். மாதம்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் சிறப்புப் பரிசோதனை பக்கத்தில் இருந்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எப்படி என்று யோசித்திருக்கிறாள், அல்லது முன்பு முயன்றிருக்கிறாள், அல்லது வீட்டில் அடி நடக்கிறது என்றால் அன்றே. இன்றைக்கே செய்வதாக எண்ணம், கையில் பொருள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல், குளியலறைக் கதவைத் தாழிடாமல் இருக்கச் சொல்லி, 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு. மனநல மருத்துவர் உள்ள இடமாகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர்வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மரம் விழுந்தும் மண் சரிந்தும் சாலை அடைபடும். ஆகவே “சாயங்காலம் பார்ப்போம்” என்ற பேச்சே கூடாது. மதியத்துக்குள் முடிவெடுத்து வெளிச்சத்திலேயே வண்டி ஏற்றுங்கள்.

அனுப்புவதற்கு முன்போ பின்போ, வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை எந்த மருந்தையும்விட வேகமாகப் பலன் தருவது: பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துவது. கேரட், உருளைக்கிழங்கு போடும் வீடுகளில் மருந்து டப்பா சமையலறைப் பரணிலேயே இருக்கும். அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததில், 1995-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் தற்கொலை மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. டப்பாக்களை வீட்டுக்கு வெளியே பூட்டிய கொட்டகையில் வைத்து, சாவியை நம்பிக்கையான அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரைகள் வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

ஏதாவது உட்கொண்டுவிட்டாள் என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டப்பாவையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வேறு காரணம் சொன்னால் சிகிச்சை தவறிப்போகும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதி அவளுடைய தாய் சேய் நல அட்டைக்குள் வையுங்கள்: எண்ணம் வருவதற்கு முன் தனக்கு என்ன ஆகிறது, அப்போது தனியாக என்ன செய்யலாம், எந்த வீட்டுக்குப் போய் உட்காரலாம், யாரைக் கூப்பிடலாம். எண்கள்: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழக சுகாதார உதவி 104, வீட்டு வன்முறைக்கு 181, ஆம்புலன்ஸ் 108. டெலி மானஸில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எந்தத் திண்ணையில், எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கணவர் போனைப் பார்ப்பவர் என்றால் தாளில் “சத்துமாவு அக்கா” என்று உங்கள் எண் மட்டும் இருக்கட்டும்.

சிகிச்சை என்பது பேச்சுவழி ஆலோசனை, தேவைப்பட்டால் மாத்திரை. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் பத்து நாளில் “ஒண்ணும் ஆகல” என்று நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. அந்தப் பத்து நாளும் யாராவது தினம் எட்டிப் பார்க்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்கள் ஆபத்து கூடுதலானவை. வீட்டார் அப்போதுதான் அப்பாடா என்று கண் அயர்வார்கள். பல வாரம் அழுதுகொண்டிருந்தவள் காரணமில்லாமல் ஒரே நாளில் அமைதியாகி, கம்மலைக் கழற்றித் தங்கைக்குக் கொடுத்து, “எல்லாம் சரியாயிடுச்சு” என்றால் நிம்மதி அடையாமல் மறுபடியும் கேளுங்கள்.

பிரசவத்தோடு கணக்கு முடிவதில்லை. இருமுனைக் கோளாறு உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்தை ஒட்டி நோய் கடுமையாகத் திரும்பலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் பேறுகால மனநோய் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். இரவெல்லாம் தூங்காமல் துறுதுறுவென்று இருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்பது, “இது என் பிள்ளையில்லை, மாத்திட்டாங்க” என்பது இதன் அடையாளங்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நாள் கடத்தினால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. அன்றே மருத்துவமனை. 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பச்சைக் குழந்தையைப் பார்க்க வீட்டுக்குப் போகும்போது, குழந்தையின் எடையை எழுதிய கையோடு தாயிடமும், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பெண்ணிடம் இப்போதே தெரிவது: தாய்வீட்டுத் தொலைவு, கணவரின் குடி, இரண்டு மாதத் தூக்கமின்மை, வாய்விட்டுச் சொன்ன ஒரு வாக்கியம். தெரியாதது: முன்பு முயன்றிருக்கிறாளா, அடி நடக்கிறதா, மனதில் திட்டம் இருக்கிறதா. நாளைக் காலை சத்துமாவுப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போங்கள். போன மாதப் பொட்டலம் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சாக்காக வைத்து அவளைத் தனியாக வெளியே அழைத்து வந்து அந்த மூன்றையும் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் சுகாதாரச் செவிலியரிடம் விஷயத்தைச் சொல்லி, பதினொரு மணிக்குள் போன் பண்ணுகிறேன் என்று சொல்லி வையுங்கள்.